பெயரில் மட்டுமே கொல்லி: தொடர் கருச்சிதைவும் நோயெதிர்ப்புச் செல்களும்

கருவுற்ற பெண்ணின் கருப்பைச் சுவரை முதல் மூன்று மாதங்களில் நுண்ணோக்கியில் பார்த்தால், அங்கே குழுமியிருக்கும் வெள்ளை அணுக்களில் ஏறத்தாழ 70 சதவீதம் ஒரே வகையைச் சேர்ந்தவையாக இருக்கின்றன. இயற்கைக் கொல்லி செல்கள் என்பது அவற்றுக்கு மருத்துவம் வைத்த பெயர், சுருக்கமாக என்.கே. செல்கள் என்பார்கள். குழந்தை வளர வேண்டிய இடத்தில் கொல்லி என்று பெயர் பெற்றவை ஏன் இவ்வளவு கூட்டமாக நிற்கின்றன என்ற கேள்விக்கு, அடுத்தடுத்துக் கரு கலைந்து துயருறும் பெண்களிடம் அவசரமாகச் சொல்லப்பட்ட விடை ஒன்று. ஆய்வகங்கள் நாற்பது ஆண்டுகளாகப் பொறுமையுடன் கண்டெடுத்த விடை வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையில் பல குடும்பங்களின் சேமிப்பும், அதைவிடப் பெரிதான அவர்களுடைய நம்பிக்கையும் கரைந்துபோயிருக்கின்றன என்பதால், இந்தச் செல்களைப் பற்றிய உண்மையைப் பொதுமக்கள் அறிந்திருப்பது அவசியமாகிறது.

கருவுற்றது உறுதியான பின், தாயின் உடலுக்கு வெளியே பிழைக்கக்கூடிய பருவத்தைக் குழந்தை எட்டுவதற்கு முன்பே கருவை இழப்பதைக் கருச்சிதைவு என்கிறோம். உறுதி செய்யப்பட்ட கர்ப்பங்களில் சுமார் 15 சதவீதம் இவ்வாறு முடிகின்றன என்றும், உலக அளவில் ஆண்டுக்கு 2 கோடியே 30 லட்சம் கருச்சிதைவுகள் நேர்கின்றன என்றும் 2021இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரைத் தொடர் மதிப்பிட்டது. ஒரு முறை நேர்வது பெரும்பாலும் தற்செயலானது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை நேர்ந்தால் அதைத் தொடர் கருச்சிதைவு என வகைப்படுத்திக் காரணம் தேட வேண்டும் என்று ஐரோப்பிய, அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் வரையறுக்கின்றன; பிரிட்டன் நெடுங்காலம் மூன்று முறை என்ற கணக்கையே கைக்கொண்டிருந்தது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கருச்சிதைவுகளைச் சந்தித்தவர்கள் பெண்களில் 0.7 சதவீதம் பேர் என்று அதே தொடர் கூறுகிறது. சதவீதமாகப் பார்க்கையில் சிறிதாகத் தெரியும் இந்த எண்ணின் கனம், ஆயிரம் பெண்கள் வாழும் ஊரில் ஏழு பேர் என்று எண்ணிப் பார்க்கும்போதுதான் விளங்குகிறது.

தனித்து நேரும் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம், கருவின் குரோமோசோம் எண்ணிக்கை பிசகிப்போவதுதான். பெண்ணின் வயது கூடக்கூட இந்தப் பிசகும் கூடுகிறது. தொடர்ந்து நேரும்போது பெற்றோரின் குரோமோசோம் மாற்றம், கருப்பையின் வடிவக் குறை, தைராய்டு, கட்டுப்படாத சர்க்கரை, இரத்த உறைவு தொடர்பான கோளாறு ஆகியவற்றையும் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். இவை அனைத்தையும் சோதித்த பின்னும் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் காரணம் கிடைப்பதில்லை. ‘எல்லாம் நார்மல்’ என்று எழுதிய அறிக்கையைக் கையில் வாங்கும் பெண்ணுக்கு அது ஆறுதலாக இருப்பதில்லை. காரணம் இல்லாத இடத்தில் பழி வந்து உட்கார்ந்துகொள்கிறது. எதைத் தூக்கினாள், என்ன சாப்பிட்டாள், எங்கே போனாள் என்ற கேள்விகள் வீட்டில் எழுகின்றன. ‘கரு தங்கவில்லை’ என்று தமிழில் இயல்பாகச் சொல்லும் வழக்கிலேயே, தங்கவைக்கத் தவறியது அவளுடைய உடல்தான் என்ற தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. ‘உங்கள் நோயெதிர்ப்புச் செல்கள் குழந்தையைத் தாக்குகின்றன’ என்ற விளக்கம் இந்த வெற்றிடத்தில்தான் எளிதாக வேரூன்றியது.

அந்த விளக்கத்துக்கு மதிப்பான ஒரு பிறப்பிடம் உண்டு. பிரிட்டனின் உயிரியலாளர் பீட்டர் மெடாவர் 1953இல் ஓர் அடிப்படைக் கேள்வியை எழுப்பினார். ஒருவரின் தோலை மற்றொருவருக்கு ஒட்டினால் சில நாட்களில் உடல் அதை அந்நியம் என்று அடையாளம் கண்டு அழித்துவிடுகிறது. அப்படியிருக்க, பாதி மரபணுக்களைத் தந்தையிடமிருந்து பெற்ற கருவை, அதாவது தாயைப் பொறுத்தவரை பாதி அந்நியமான ஓர் உடலை, அவள் ஒன்பது மாதங்கள் எப்படிச் சுமக்கிறாள்? தாயின் இரத்தமும் சேயின் இரத்தமும் கலவாதபடி தடுப்பு இருக்கலாம், கருவின் அடையாளங்கள் முதிராதவையாக இருக்கலாம், அல்லது தாயின் எதிர்ப்பாற்றல் அக்காலத்தில் மந்தமாகலாம் என்று மூன்று சாத்தியங்களை அவர் முன்வைத்தார். நோயெதிர்ப்பின் சகிப்புத்தன்மை குறித்த ஆய்வுகளுக்காக 1960இல் மெக்ஃபார்லேன் பர்னெட்டுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவரின் கேள்வி என்பதால், அது ஒரு துறைக்கே வித்திட்டது.

கேள்வி காலத்தை வென்று நின்றது. மூன்று விடைகளும் அவர் சொன்ன வடிவில் நிற்கவில்லை. தாயின் எதிர்ப்பாற்றல் உறங்குவதில்லை என்பதற்கு 1958இலேயே சான்று கிடைத்தது. பல முறை கருவுற்ற பெண்களின் இரத்தத்தில், கணவரிடமிருந்து குழந்தைக்கு வந்த திசு அடையாளங்களுக்கு எதிரான எதிர்ப்புப் புரதங்கள் உருவாகியிருப்பதை நெதர்லாந்தில் யான் வான் ரூட்டும் அமெரிக்காவில் ரோஸ் பெய்னும் தனித்தனியே கண்டனர். அந்தத் தாய்மார்கள் நலமான குழந்தைகளைப் பெற்றவர்கள். எச்.எல்.ஏ. என்று இன்று அறியப்படும் திசு அடையாளங்களை வகைப்படுத்தவும், சிறுநீரகம் போன்ற உறுப்புகளைப் பொருத்திப் பார்த்து மாற்றவும் தொடக்க காலத்தில் பயன்பட்டது அத்தகைய தாய்மார்களின் இரத்தநீரே. தாயின் உடல் கருவை அடையாளம் காண்கிறது, கண்டும் காக்கிறது. விளக்கம் தேவைப்படுவது இந்த இரண்டாவது பாதிக்குத்தான்.

தாயின் திசுவோடு நேரடியாகத் தொட்டுக்கொண்டிருப்பது குழந்தையின் உடல் அன்று, நஞ்சுக்கொடி. அதன் வெளிப்புறச் செல்களுக்கு ட்ரோஃபோபிளாஸ்ட் என்று பெயர். ஊட்டம் கொண்டுவரும் செல்கள் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். உடலின் மற்றச் செல்கள் எச்.எல்.ஏ. ஏ, எச்.எல்.ஏ. பி என்ற அடையாளங்களை மேற்பரப்பில் தாங்கியிருக்கும். மாற்று உறுப்பை டி செல்கள் என்னும் வெள்ளை அணுக்கள் கடுமையாகத் தாக்குவது முக்கியமாக இவற்றைக் கண்டே. கருப்பைச் சுவருக்குள் ஊடுருவும் ட்ரோஃபோபிளாஸ்ட் செல்கள் இவ்விரண்டையும் காட்டாமல், எச்.எல்.ஏ. சி, ஈ, ஜி என்ற மூன்றை மட்டும் காட்டுகின்றன. இவற்றுள் ஜி என்பது நலமான உடலில் நஞ்சுக்கொடிக்கு வெளியே மிக அரிதாகவே காணப்படுவது. டி செல்களின் பார்வையிலிருந்து பெரிதும் மறைந்துகொண்டு, என்.கே. செல்களுடன் மட்டும் பேசக்கூடிய ஒரு முகத்தை நஞ்சுக்கொடி அணிந்து வருகிறது எனலாம்.

என்.கே. செல்களுக்கு அந்தப் பெயர் வந்த கதையைத் தெரிந்துகொண்டால் குழப்பத்தின் வேர் புலப்படும். 1975இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ரோல்ஃப் கீஸ்லிங், ஏவா க்ளெய்ன் முதலியோர், முன்கூட்டிய பயிற்சி ஏதுமின்றியே புற்றுநோய்ச் செல்களைக் கொல்லக்கூடிய ஒருவகை வெள்ளை அணுக்களை எலிகளில் கண்டு, செய்யும் செயலைக் கொண்டே பெயரிட்டனர். இரத்தத்தில் ஓடும் என்.கே. செல்களுக்கு அப்பெயர் பொருத்தமானதே. கருப்பையில் இருப்பவை அதே குடும்பத்தைச் சேர்ந்தவையாயினும் குணத்தில் வேறானவை. மேற்பரப்புப் புரதங்களின் அமைப்பே இரத்தத்தில் பெரும்பான்மையாக உள்ளவற்றினின்றும் மாறுபட்டது. கொல்லும் நச்சுத் துகள்கள் உள்ளே நிறைந்திருந்தும், ட்ரோஃபோபிளாஸ்ட் செல்களை அவை கொல்வதில்லை. வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களையும், இரத்தக்குழாயை உருவாக்கும் சமிக்ஞைகளையும் சுரப்பதே அவற்றின் முதன்மைப் பணி.

அந்தப் பணியைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு மாதமும் கருமுட்டை வெளிப்பட்ட பிறகு, கரு வந்தாலும் வராவிட்டாலும், புரொஜெஸ்டிரான் என்ற ஹார்மோனின் தூண்டுதலால் கருப்பையின் உட்சவ்வு தடித்துப் பஞ்சுபோல மாறுகிறது, அப்போதே என்.கே. செல்கள் பெருகத் தொடங்குகின்றன. கரு பதியாவிட்டால் மாதவிடாயுடன் அனைத்தும் உதிர்ந்துவிடும். பதிந்தால் அவை மேலும் பெருகி, அச்சவ்வுக்கு இரத்தம் கொண்டுவரும் சுருள் தமனிகளைச் சூழ்ந்துகொள்கின்றன. திருகாணிபோல் சுருண்ட இந்தத் தமனிகள் கர்ப்பத்துக்கு முன் மெல்லிய துளையும் தசை போர்த்திய சுவரும் கொண்டவை. தசை இருப்பதால் நினைத்தபோது இறுகி இரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடக் கூடியவை. வளரும் குழந்தைக்கு இது போதாது. என்.கே. செல்கள் தசைச்சுவரைத் தளர்த்தத் தொடங்க, பின்னால் வரும் ட்ரோஃபோபிளாஸ்ட் செல்கள் தசையை அகற்றி அந்த இடத்தைத் தாமே நிரப்ப, குறுகிய குழாய் புனல்போல் விரிந்து, இறுகும் ஆற்றலை இழந்து, தாயின் இரத்தம் வேகம் தணிந்து நிதானமாக நஞ்சுக்கொடியை நனைக்கும் வழியாகிறது. என்.கே. செல்களே இல்லாதபடி உருவாக்கப்பட்ட எலிகளில் இந்த விரிவு நிகழவில்லை என்பதையும், எலும்பு மஜ்ஜை மாற்றத்தின் மூலம் அச்செல்களைத் திருப்பித் தந்தபோது தமனிகள் விரிந்தன என்பதையும் கனடாவில் ஆன் கிராயின் குழு காட்டியது. கொல்லி என்று அழைக்கப்பட்டது உண்மையில் கால்வாய் வெட்டும் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

இந்த வேலை எங்கே பிசகுகிறது என்பதில்தான் தொடர் கருச்சிதைவுக்கான தொடர்பு வருகிறது. கருப்பை என்.கே. செல்களின் மேல் கே.ஐ.ஆர். எனப்படும் ஏற்பிகள் உள்ளன. இவை ட்ரோஃபோபிளாஸ்ட் காட்டும் எச்.எல்.ஏ. சி அடையாளத்தைத் தொட்டுப் படிக்கும் கைகள் போன்றவை. சில ஏற்பிகள் செல்லை அடக்குகின்றன, சில ஊக்குகின்றன. யாருக்கு எவை என்பது பிறப்பிலேயே அமைவது. எச்.எல்.ஏ. சி-யிலும் சி1, சி2 என்று இரு வகைகள் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆஷ்லி மொஃபெட்டின் குழு 2004 முதல் வெளியிட்ட ஆய்வுகளின்படி, அடக்கும் ஏற்பிகள் மிகுந்த ஏஏ வகைத் தாயின் வயிற்றில், தந்தையிடமிருந்து சி2 பெற்ற கரு வளரும்போது, கர்ப்பகால இரத்த அழுத்த நோயான ப்ரீஎக்ளாம்ப்சியா, குழந்தையின் வளர்ச்சிக் குறை, தொடர் கருச்சிதைவு ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. ஊக்கும் ஏற்பி உள்ள தாய்மாருக்கு இந்த ஆபத்து குறைகிறது.

இதன் பொருள் மிகவும் கவனிக்கத்தக்கது. இங்கே சிக்கல் எழுவது என்.கே. செல்கள் மிதமிஞ்சி அடக்கப்படும்போது; அவை வேண்டிய அளவு கிளர்ந்தெழாதபோது தமனிகள் சரியாக விரிவதில்லை. தாயின் செல்கள் சீறுவதால் கரு அழிகிறது என்ற பொதுவான கற்பனைக்கு இது நேர் எதிரானது. அடங்கிக் கிடப்பதே குறையாக இருக்கும் ஒரு செல்லை, மேலும் அடக்குவதற்கென்று மருந்து கொடுப்பதில் என்ன நியாயம் இருக்க முடியும் என்று மொஃபெட் போன்ற ஆய்வாளர்கள் கேட்பது இதனால்தான்.

கூட்டத்தில் என்.கே. செல்கள் தனியே இல்லை. சிதைவுகளை அப்புறப்படுத்தும் மாக்ரோஃபேஜ் செல்கள் ஐந்தில் ஒரு பங்கு இருக்கின்றன. அடுத்த இடத்தில் டி செல்கள். டி செல்களுள் ஒரு சிறு பிரிவான ஒழுங்குபடுத்தும் டி செல்கள், மற்றவை அத்துமீறாதபடி கண்காணிப்பவை. அவற்றை ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995இல் அடையாளம் காட்டினார். அந்தப் பணிக்காக மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருடன் அவருக்கு 2025ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. இச்செல்களை நீக்கிய எலிகள், வேறு மரபுள்ள ஆண் எலிக்குக் கருவுற்றபோது கருவை இழந்தன என்பது 2004இல் தெரியவந்தது. கரு கலைந்த பெண்களின் கருப்பைச் சவ்வில் இவை குறைந்திருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் அதே ஆண்டில் பதிவுசெய்தனர். குறைந்ததால் கலைந்ததா, கலைந்ததால் குறைந்ததா என்பதை மனிதரில் பிரித்தறிவது கடினம். வாழ்ந்துகொண்டிருக்கும் கர்ப்பத்திலிருந்து திசு எடுக்க முடியாது என்பதே இத்துறையின் தீராத இடர்ப்பாடு.

நோயெதிர்ப்பு அமைப்பு ஐயத்துக்கிடமின்றிக் குற்றவாளியாக நிற்கும் ஓர் இடம் உண்டு. அதற்கு மருந்தும் உண்டு. ஆன்டிபாஸ்போலிபிட் சிண்ட்ரோம், சுருக்கமாக ஏ.பி.எஸ்., லண்டனில் கிரஹாம் ஹியூஸ் 1983இல் விவரித்த நோய். பி செல்கள் என்னும் வெள்ளை அணுக்களின் வழிவந்த எதிர்ப்புப் புரதங்கள், கிருமியை விட்டுவிட்டு, உடலின் சொந்தக் கொழுப்புச் சவ்வுகளோடு ஒட்டியிருக்கும் புரதங்களின் மீது திரும்பிவிடுகின்றன. நஞ்சுக்கொடி அதில் சிக்குகிறது. மூன்று இரத்தப் பரிசோதனைகளால் இதைக் கண்டறியலாம்; சாதாரணக் காய்ச்சலால்கூடத் தற்காலிகமாக இந்த எதிர்ப்புப் புரதங்கள் தோன்றக்கூடும் என்பதால், 12 வாரம் கழித்து மறுபடி சோதித்து உறுதிப்படுத்த வேண்டும். உறுதியானால் குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரையும், வயிற்றுத் தோலுக்கடியில் நாள்தோறும் போட்டுக்கொள்ளும் ஹெப்பாரின் ஊசியுமே சிகிச்சை. லண்டனில் நடந்து 1997இல் வெளியான ஆய்வில், ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேரும், இரண்டையும் எடுத்தவர்களில் 71 சதவீதம் பேரும் உயிருள்ள குழந்தையைப் பெற்றனர். ஹெப்பாரின் இரத்தம் உறைவதைத் தடுப்பதால் மட்டும் இது நேரவில்லை, நஞ்சுக்கொடியில் மூளும் அழற்சிச் சங்கிலியை அது அறுப்பதும் காரணம் என்று 2004இல் எலிகளில் தெளிவாயிற்று. உறைவை மட்டும் தடுத்த வேறு மருந்துகளால் எலிகளின் கருவைக் காக்க முடியவில்லை.

ஏ.பி.எஸ். இல்லாத பெண்களுக்கும் நோயெதிர்ப்புச் சிகிச்சை தர முயன்ற வரலாறு வேதனையானது. கணவனும் மனைவியும் திசு அடையாளங்களில் ஒத்திருப்பதால் மனைவியின் உடல் கருவை அடையாளம் காணாமல் போகிறது என்று 1980களில் ஒரு கருதுகோள் எழுந்தது. கணவரின் இரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்தெடுத்து மனைவிக்கு ஊசியாகச் செலுத்தினால் பாதுகாப்பு உண்டாகும் என்று கருதி 1985இல் பிரிட்டனில் நடந்த சிறு ஆய்வில், 77 சதவீத வெற்றி கிடைத்ததாகத் தெரிந்தது; ஒப்பீட்டுக் குழுவில் 37 சதவீதம். உலகெங்கும் இந்த ஊசி பரவியது. 1999இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த பெரிய, கவனமான ஆய்வு முடிந்தபோது நிலைமை தலைகீழானது: ஊசி போட்டுக்கொண்டவர்களில் 36 சதவீதம், உப்புநீர் மட்டும் பெற்றவர்களில் 48 சதவீதம் என்று வெற்றி அமைந்தது. 2002இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே இதைச் செய்யக் கூடாதென்று கட்டுப்படுத்தியது. இந்தியா உட்படச் சில நாடுகளில் தனியார் மையங்கள் இன்றும் இதை வழங்கிவருகின்றன.

ஸ்டீராய்டு மாத்திரையின் கதையும் ஏறத்தாழ இதுவே. எதிர்ப்புப் புரதங்கள் காணப்பட்ட பெண்களுக்குப் பிரெட்னிசோனும் ஆஸ்பிரினும் சேர்த்துக் கொடுத்த கனடிய ஆய்வு 1997இல் வெளியானது. குழந்தைப்பேறு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை, ஆனால் குறைப்பிரசவம் 12 சதவீதத்திலிருந்து 62 சதவீதமாக உயர்ந்தது. சோயா எண்ணெயாலான இன்ட்ராலிப்பிட் சொட்டு மருந்துக்கும் வலுவான சான்று இல்லை. கொடையாளர்களின் எதிர்ப்புப் புரதங்களைத் திரட்டிச் செலுத்தும் இம்யூனோகுளோபுலின் பல ஆய்வுகளில் தோற்றிருந்தாலும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட முறை கருவை இழந்த பெண்களுக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே அதிக அளவில் கொடுத்த ஜப்பானிய ஆய்வில், 58 சதவீதத்தினர் குழந்தை பெற்றனர் என்றும், ஒப்பீட்டுக் குழுவில் அது 34.7 சதவீதம் என்றும் 2022இல் அறிவிக்கப்பட்டது. 99 பெண்களை மட்டுமே கொண்ட ஆய்வு என்பதால் இது நம்பிக்கை தருவது, முடிவு சொல்வதன்று.

சிகிச்சைக்கு முன்னால் வருவது பரிசோதனை. கையிலிருந்து இரத்தம் எடுத்து என்.கே. செல்களை எண்ணி, அளவு மிகுதி என்று அறிக்கை தருவது வழக்கமாக இருக்கிறது. நலமான மனிதர்களின் இரத்தத்திலேயே இது 5 முதல் 29 சதவீதம் வரை வேறுபடும். பதற்றமும் உடற்பயிற்சியும்கூட எண்ணிக்கையைக் கூட்டிவிடும். அதற்கும் மேலாக, கையின் இரத்தத்தில் ஓடும் செல் வேறு, கருப்பையில் வாழும் செல் வேறு என்று ஆன பின், ஒன்றை எண்ணி மற்றொன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. கருப்பைச் சவ்விலிருந்தே சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது இதைவிட நேர்மையான வழி என்றாலும், மாதச் சுழற்சியின் ஒவ்வொரு நாளும் எண்ணிக்கை மாறிக்கொண்டேயிருப்பதால், அதுவும் ஆய்வுக்கு உரியதாகவே இன்னும் இருக்கிறது. 2018இல் கேம்பிரிட்ஜ் வட்டாரத்தின் சாங்கர் நிறுவனமும் பிற ஆய்வகங்களும் சேர்ந்து சுமார் 70,000 செல்களைத் தனித்தனியே படித்தபோது, கருப்பை என்.கே. செல்களிலேயே மூன்று உட்பிரிவுகள் இருப்பது தெரிந்தது. மொத்தமாக எண்ணுவதைக் காட்டிலும் எந்தப் பிரிவு என்ன செய்கிறது என்று கேட்பதே இனி வரும் பரிசோதனைகளின் வழியாக இருக்கும்.

ஆகவே, இரண்டு முறை கருவை இழந்த பெண்ணும் அவளுடைய கணவரும் மருத்துவரிடம் கேட்டுப் பெற வேண்டியவை சிலவே: ஏ.பி.எஸ். பரிசோதனை, தைராய்டு, கருப்பையின் ஸ்கேன், இயலுமானால் கலைந்த கருவின் குரோமோசோம் ஆய்வு. முன்பு கருச்சிதைவு நேர்ந்து, அடுத்த கர்ப்பத்தின் தொடக்கத்தில் இரத்தக்கசிவு காணும் பெண்களுக்குப் புரொஜெஸ்டிரான் உதவக்கூடும். 2019இல் வெளியான பிரிட்டனின் பெரிய ஆய்வில், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கருச்சிதைவு கண்டு இவ்வாறு கசிவும் ஏற்பட்டவர்களில், மருந்து பெற்றோரில் 72 சதவீதமும் பெறாதோரில் 57 சதவீதமும் குழந்தை பெற்றனர். நோயெதிர்ப்பை அடக்கும் சிகிச்சை எதையேனும் ஒருவர் பரிந்துரைத்தால், ஒப்பீட்டுக் குழு வைத்த ஆய்வில் அது நிரூபிக்கப்பட்டதா என்று தயங்காமல் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க ஒவ்வொரு தம்பதியருக்கும் உரிமை உண்டு. வீட்டில் இருப்பவர்களும் அவளிடம் என்ன தின்றாய், எதைத் தூக்கினாய் என்று விசாரிப்பதை விட்டுவிட வேண்டும். டென்மார்க்கில் தொடர் கருச்சிதைவுக்காக மருத்துவமனையை நாடிய 987 பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்ததில், மூவரில் இருவர் ஐந்தாண்டுகளுக்குள் குழந்தை பெற்றிருந்தனர்.